பூமாலை சரிசெய்த முத்திரை

என் தங்கை பூமாலைக்கு இப்போது இருபத்து மூன்று வயது. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் ஆலையில் பருப்புப் பொறுக்குகிறாள். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொத்தையையும் சுருங்கியதையும் பிரித்தெடுக்கிற வேலை அது. கப்பலுக்குப் போகிற மூட்டை என்றால் மேஸ்திரி அதைப் பூமாலை இருக்கும் வரிசைக்குத்தான் அனுப்புவார். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. அந்த மேஸ்திரியே விழுப்புரம் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது சொன்னார். கேட்டு நான் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நான் அவளுக்கு எட்டு வயது மூத்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். 1937 முதல் விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றி ஏற்றி வைக்கும் வேலை. பூமாலையைப் பற்றி எழுதுவதென்றால் 1939ஆம் வருடக் கோடையைத்தான் எழுத வேண்டும். அந்தக் கோடையில் அவள் அப்பாவோடு எழுபத்தொரு நாள் உப்புப் படகில் இருந்தாள். நான் உடன் இல்லை. ஆகவே அப்பாவையும் அவளையும், படகில் அப்பாவுக்குத் துணையாளாக இருந்த சவுரிராயனையும் தனித்தனியே கேட்டு, நாள் கிழமை ஒத்துப்பார்த்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மரக்காணத்துக்கு மேற்கே ஒரு சேரி. சேரியில் முக்கால்வாசிப் பேர் உப்பளத்துக் கூலிகள். எங்கள் அப்பா தாண்டவராயன் மட்டும் படகு நடத்தினார். பக்கிங்காம் கால்வாய் வழியாக மரக்காணத்து உப்பைச் சென்னைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகும் படகு. முதலாளி ஒருவருடையது. படகை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். பதினாறு வருஷமாக அப்பா தண்டலாக இருந்தார். சேரிக்காரனை நம்பிப் படகைக் கொடுத்தது அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் தடவை. உப்பளத்து வரப்பில் அப்பா நடந்து போனால் மேஸ்திரிகள்கூட, "இன்னா தண்டலு, எப்ப கிளம்புது?" என்று கேட்பார்கள்.

1937 வாக்கில் அப்பாவின் பார்வை மங்கத் தொடங்கியது. 1939 பங்குனியில் பகலில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. தண்ணீர் தெரியும், அதில் கிடக்கும் மணல் மேடு தெரியாது. உடம்புச் சூடு கண்ணில் ஏறியிருக்கிறது, ஐப்பசி மழை விழுந்தால் தெளிந்துவிடும் என்று அப்பா உறுதியாக நம்பினார். அதுவரை முதலாளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் படகு கைமாறிவிடும். கைமாறிய படகு திரும்பி வராது. விஷயம் அம்மாவுக்குத் தெரியும், சவுரிராயனுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று பயந்தார்களாம்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். "பொண்ண இட்டுக்கினு போ. சமைக்க ஆளுன்னு சொல்லு. அதுக்குக் கண்ணு கழுகுக் கண்ணு." பூமாலைக்கு அப்போது பதின்மூன்று வயது.

பங்குனி உத்திரம் கழிந்த மூன்றாம் நாள் புறப்படுவதாக இருந்தது. அது பெரிய வெள்ளிக்கிழமை என்று சவுரிராயன் மறுத்துவிட்டார். அவர் வேதக்காரர். ஈஸ்டர் பூசை பார்த்துவிட்டுத்தான் கயிறு பிடிப்பேன் என்றார். எனவே ஏப்ரல் பத்தாம் தேதி, திங்கட்கிழமை காலையில் புறப்பட்டார்கள்.

வடக்கே போகும்போது தெற்கத்திக் காற்றில் பாய் விரித்துப் போகலாம். காற்று ஓய்ந்தால் சவுரிராயன் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார். அப்பா பின்னால் சுக்கான் பிடிப்பார். பூமாலை நடுவில் அடுப்போடு, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பார்த்ததை அப்படியே கத்திச் சொன்னால் கரையில் போகிறவர்களுக்கும் மற்றப் படகுக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும். முதல் நாளே இருவரும் ஒரு பேச்சு ஏற்பாடு செய்துகொண்டார்கள். எதிரே படகு வந்தால், "நைனா, கூழு ஆறுது." சோற்றாங்கைப் பக்கம் மணல் மேடு என்றால், "உப்பு பத்தல." பீச்சாங்கைப் பக்கம் என்றால், "காரம் ஜாஸ்தியா பூடுச்சு." கரையில் யாராவது சர்க்கார் சேவகர் நின்றால், "மோரு ஊத்தட்டுமா?"

இது நன்றாகவே நடந்தது. ஒரே ஒரு குறை, பெண்ணுக்குச் சாப்பாட்டுப் பைத்தியம் என்று கால்வாய் முழுக்கப் பெயராகிவிட்டது. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எதிரே வந்த விறகுப் படகுக்காரர் ஒருவர் கேட்டார்: "இன்னா தாண்டவராயா, போன மாசம் பாத்தப்பவும் கூழு, இப்பவும் கூழு. பொண்ணுக்கு வேற பேச்சே கிடையாதா?"

"வளர்ற வயசுப்பா."

"கட்டிக்கப் போறவன் பேஜாராப் பூடுவான். ரெண்டு காணி நிலம் வச்சிக்கினு கீறவனாப் பாரு."

பூமாலை அந்த ஆளைப் பார்த்து, "மோரு ஊத்தட்டுமா?" என்றாளாம். அவர் சேவகர் இல்லை. கோபத்தில் சொன்னது. அப்பா பயந்துபோய்ப் படகைக் கரைக்கு ஒதுக்கிவிட்டார். சவுரிராயன் கயிற்றைப் போட்டுவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

பாலாற்று முகத்துவாரத்தைக் கடப்பதுதான் கடினமான இடம். ஆற்று மணல் மாதத்துக்கு மாதம் இடம் மாறும். அங்கே பூமாலை விடாமல் உப்பும் காரமும் சொல்லிக்கொண்டே வந்தாள், அப்பா திருப்பிக்கொண்டே வந்தார். மூன்று நடையிலும் ஒரு தடவைகூடப் படகு தரை தட்டவில்லை. "எனக்குக் கண்ணு நல்லா இருந்தப்பகூட வருசத்துக்கு ஒரு தபா தட்டும்" என்று அப்பா பின்னால் என்னிடம் சொன்னார்.

இரண்டு நடை இப்படிப் போனது. மூன்றாவது நடை மே இருபத்தொன்பதாம் தேதி மரக்காணத்தில் கிளம்பியது.

இங்கே முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகில் உப்பைக் கொட்டிச் சமன் செய்த பிறகு அதன்மேல் தண்ணீர் தெளித்து, முதலாளியின் மரப் பலகையைக் கரித்தூளில் தோய்த்து அழுத்துவார்கள். முதலாளி மயிலத்து முருகனைக் கும்பிடுகிறவர் என்பதால் அதில் வேல் செதுக்கியிருக்கும். வெள்ளை உப்பில் கறுப்பு வேல் பதியும். ஒரு படகுக்குப் பன்னிரண்டு. யாராவது வழியில் உப்பை அள்ளினால் வேல் கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பட்டணத்தில் இறக்கும்போது பன்னிரண்டும் முழுசாக இருக்க வேண்டும். மழையிலோ காற்றிலோ கலைந்துபோனால், பக்கத்து ஊர் மணியக்காரரை அழைத்து வந்து காட்டி, ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜூன் இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகலில், கோவளத்துக்குத் தெற்கே, திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. உப்பை மூடியிருந்த கீற்றுப் பாயில் ஒரு மூலையைக் காற்று கிழித்துவிட்டது. மூவரும் ஓடிப் பிடிப்பதற்குள் அந்த மூலையில் தண்ணீர் இறங்கி இரண்டு வேல் கரைந்துவிட்டது. உப்பு அதிகம் போகவில்லை, மேல்பரப்புதான். கால் மணி நேரத்தில் வெயில் வந்துவிட்டது.

சவுரிராயன் சொன்னார்: "அண்ணே, கோவளத்துல நிறுத்தி மணியக்காரர இட்டாந்து சீட்டு வாங்கிடலாம். நியாயம் நம்ம பக்கம் கீது."

அப்பா பாயின் கிழிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அவரு படகுல ஏறுவாரு. 'எங்க, காட்டு'ன்னு என்னியத்தான் கேப்பாரு. நான் எதக் காட்டுவேன்?" என்றார்.

"நான் காட்டறேன்."

"தண்டலு குத்துக்கல்லாட்டம் குந்திக்கினு இருக்க, கயிறு இழுக்கறவன் வந்து காட்டினா அந்த ஆளு இன்னான்னு நினைப்பாரு?"

சவுரிராயன் கிழிந்த மூலையை இழுத்துக் கட்டத் தொடங்கினார். அப்போதுதான் பூமாலை, "நான் போட்டுடறேன் நைனா. கோலம் மாரிதான கீது" என்றாள்.

பூமாலை சேரியிலேயே கோலத்துக்குப் பெயர் வாங்கியவள். மார்கழியில் மற்ற வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். ஒரு பக்கத்து இதழ் பெரிதாகவும் மறுபக்கத்து இதழ் சிறிதாகவும் போய்விட்டால் முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவாள். இதை நான் என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவள் உப்பைக் கையால் தட்டிச் சமன் செய்தாள். தென்னை ஈர்க்கால் வேலைக் கீறினாள். அடுப்புக் கரியை நுணுக்கித் துணியில் கட்டி ஒற்றினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பார்த்துவிட்டுச் சவுரிராயன், "அச்சு அசலா கீது" என்றார். அப்பா குனிந்து முகத்தை உப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, "இன்னா, நல்லாத்தான் கீது" என்றார். அவருக்குத் தெரிந்தது வெள்ளையில் ஒரு கறுப்பு.

ஜூன் ஏழாம் தேதி புதன்கிழமை காலை பட்டணத்தில் உப்புக் கொட்டகைத் துறையில் படகைக் கட்டினார்கள். முதலாளியின் பட்டணத்துக் கணக்குப்பிள்ளை அரங்கநாதன் குடையோடு வந்தார். ஒல்லியான மனிதர். அதட்டிப் பேசமாட்டார், ஆனால் எதையும் சும்மா விடமாட்டார் என்று பெயர். பலகைமேல் நடந்து படகில் ஏறி, பாயை விலக்கச் சொல்லி, ஒவ்வொரு வேலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மூலைக்கு வந்ததும் நின்றார். குடையை மடக்கினார்.

"தாண்டவராயா, இங்க வா. இந்த முத்திரையப் பாரு. நம்மளுதுதானா?"

அப்பா வந்து குனிந்தார். "நம்மளுதுதாங்க அய்யா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பதினாறு வருசமா பாத்துக்கினு வர்றேன். இது தெரியாதுங்களா?"

கணக்குப்பிள்ளை இரண்டடி தள்ளி மழை படாத ஒரு முத்திரையைக் குடைக் காம்பால் சுட்டினார். "அப்ப இது?"

"அதுவும் நம்மளுதுதாங்க."

"ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கு?"

"ஒரே பலகை. வேற எப்படிங்க இருக்கும்?"

பூமாலைக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. மற்றப் பத்து வேலுக்கும் சோற்றாங்கைப் பக்கத்து விளிம்பு குறுகியிருந்தது. அவள் போட்ட இரண்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. வரையும்போது அதை அவள் கவனித்தாள். அழுத்தினவர்கள் சரியாக அழுத்தவில்லை, ஒருபக்கம் விழவில்லை என்று நினைத்தாள். கோணலாக ஒன்றைப் போட அவளுக்குக் கை வரவில்லை.

உண்மையில் அந்தப் பலகை கீழே விழுந்து ஓரம் சில்லு பெயர்ந்திருந்தது. முதலாளி அதை மாற்றவில்லை. உடைந்த வேல்தான் இரண்டு வருஷமாக முத்திரை.

"அது நான் வரைஞ்சதுங்க" என்று பூமாலை முன்னால் வந்தாள். அப்பா, "நீ உள்ள போ" என்றார். அவள் போகவில்லை. "மழையில ரெண்டு கரைஞ்சிடுச்சுங்க. நைனாவும் சவுரி மாமாவும் உப்ப ஒரு கைகூட அள்ளல. ஒரு பக்கம் சின்னதா இருந்திச்சு. சரி பண்ணேன்."

"சரி பண்ணியா?"

"ஆமாங்க."

"மிச்சம் பத்தையும் ஏன் சரி பண்ணல?"

"கரி தீந்துபூடுச்சுங்க."

கூலிக்காரர்கள் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் பூமாலையைப் பார்க்கவே இல்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாண்டவராயா, பலகை உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆவுது. நீ நடத்துற படகுல எத்தனையோ தடவை அந்த முத்திரை விழுந்திருக்கு. உனக்குத் தெரியவே தெரியாதா?"

சவுரிராயன் எதையோ சொல்லத் தொடங்கினார். கணக்குப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "முதல்ல உப்ப அளங்க" என்றார்.

அன்று முழுவதும், மறுநாள் பாதியும் அளந்தார்கள். வழக்கமான கசிவுக்கு மேல் ஒரு மரக்கால்கூடக் குறையவில்லை. அளந்து முடிந்ததும் கணக்குப்பிள்ளை அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். பூமாலையும் பின்னால் போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"உப்பு சரியா இருக்கு. முத்திரைய மழை கலைச்சதுன்னு எழுதறேன். போலி முத்திரைன்னு எழுதினா நீ ஜெயிலுக்குத்தான் போவணும். ஆனா கண்ணு தெரியாதவன் கையில படகு இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டே நான் கம்முனு இருக்க முடியாது. நாளைக்கு ஒருத்தன்மேல மோதினா அந்தப் பாவம் எனக்கும்தான். காலிப் படக நீயே ஓட்டிக்கிட்டுப் போ. போனதும் முதலாளிகிட்ட நீயே சொல்லிடு. ஆனி பத்துக்குள்ள நீ சொல்லிட்டா, நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லிடறேங்க" என்றார் அப்பா. ஐப்பசி மழையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் பத்தாம் தேதி சனிக்கிழமை திரும்பினார்கள். தெற்கே வரும்போது காற்று எதிர்க்காற்று. சவுரிராயன் கயிறு இழுத்தார். முதல் நாள் பூமாலை சோறு பொங்கவில்லை, மற்றவர்கள் கேட்கவும் இல்லை. இரண்டாம் நாள் காலை எதிரே ஒரு படகு வந்தது. பூமாலை, "நைனா, கூழு…" என்று தொடங்கினாள்.

அப்பா, "இன்னாத்துக்குக் கூழு? படகுன்னு சொல்லு. எத்தினி பேரு? இன்னா பாரம்?" என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் மறைத்துப் பேசவில்லை. இரண்டு வருஷமாகத் தனக்குத் தெரியாமல் போனதையெல்லாம் அப்பா கேட்டார். அந்தப் பாலத்தடியில் ஆலங்கன்று முளைத்திருந்ததே, எவ்வளவு உயரம்? மீனவர் குப்பத்தில் எத்தனை வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறார்கள்? விறகுப் படகுக்காரனுக்குத் தலை நரைத்துவிட்டதா? அவள் ஒவ்வொன்றையும் பார்த்துச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். சவுரிராயன் கரையிலிருந்து, "முடியே இல்ல அண்ணே அவனுக்கு, எங்க நரைக்கறது?" என்பார். பாலாற்றில் கடல் ஏற்றம் வந்து தண்ணீர் உயரட்டும் என்று ஒரு நாள் முழுக்க நிறுத்தினார்கள். அன்று அப்பா சுக்கானை அவள் கையில் கொடுத்து கரையோரம் மெல்ல மிதந்த படகைத் திருப்பப் பழக்கினார். எழுபத்தொரு நாளில் அந்தப் பத்து நாள்தான் நன்றாக இருந்தது என்கிறாள் பூமாலை. சவுரிராயனும் அதையே சொன்னார். அப்பாவிடம் நான் கேட்கவில்லை.

கடைசி நாள் மரக்காணத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது பூமாலை, "நைனா, இன்னிக்கு இங்கியே கட்டிடலாமா? ஆனி பத்துக்கு இன்னும் அஞ்சு நாளு கீதே" என்று கேட்டாள்.

"சொல்லணும்னு ஆயிடுச்சு. ஜல்தியா சொல்லிட்டுப் போலாம்" என்றார் அப்பா.

ஜூன் பத்தொன்பது, திங்கட்கிழமை, பகல் மூன்று மணிக்குப் படகு துறையில் நின்றது. அப்பா துணியை உதறிக் கட்டிக்கொண்டு நேராக முதலாளியிடம் போனார். முதலாளி கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. படகை யாருக்குக் கொடுப்பது என்று அப்பாவையே கேட்டார். சவுரிராயன் பெயரை அப்பா சொன்னார். சவுரிராயன் வேண்டாம் என்று இரண்டு நாள் வீம்பு பிடித்தார். "நீ வாணாம்னா வெளியாளு வருவான். சேரிக்கு வந்தது சேரியிலியே இருக்கட்டும்" என்று அப்பா சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். பூமாலை தானும் படகில் வருகிறேன் என்றாள். அம்மா, "அப்பன்கூடப் போன, சரி. இனிமே எதுக்கு?" என்று முடித்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. விழுப்புரத்திலிருந்து வந்து சேர்ந்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதைப் பற்றிப் பேசினேன். அடுத்த மாதம் அழைத்தும் போனேன். இது கண்ணில் வளர்ந்து உரித்தெடுக்கிற சதை இல்லை, உள் நரம்பே கெட்டுவிட்டது, பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அது வேறு கதை.

நான் வந்த அன்று காலை அப்பா குளத்துக்குக் கிளம்பினார். பூமாலை முன்னால் ஓடினாள். "நைனா, படி. நைனா, சோத்தாங்கைப் பக்கம் கல்லு. எதுர்ல கன்னுக்குட்டி."

அப்பா நின்றார். "பூமாலே, இது கால்வா இல்ல. நாப்பத்தஞ்சு வருசமா நான் நடக்கற எடம். எனக்கு எல்லாம் தெரியும். நீ போயி அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். ஆனால் முத்திரை பிடிபட்ட அன்றும், படகை விட்டு இறங்கிய அன்றும் அழாதவள் அந்த இடத்தில் அழுதாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள்.

அப்பா கன்றுக்குட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். வேலிமுள்ளைக் கையால் தள்ளிக்கொண்டு திரும்பினார். குளத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். எங்கும் இடறவில்லை. அவர் குளித்துவிட்டு ஈரத் துணியோடு திரும்பி வந்து வாசலில் கால் வைக்கும் வரை பூமாலை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேப்பை அரைக்க உள்ளே போனாள்.